மாசி நிறத்தில் ஒரு கிளை

இந்த வாரம் எங்கள் வீட்டில் காலையில் மாசிச் சம்பல். பகல் சோற்றுக்கும் மாசிச் சம்பல். இரவு பாணுக்கும் அதே மாசிச் சம்பல்தான்.

செய்தது நான். தின்றதும் பெரும்பாலும் நான்தான். வயிறு எரிகிறது. மாலைதீவிலிருந்து வரும் அந்த மாசிக் கருவாடு இருக்கிறதே... அது மீனா, கருங்கல்லா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அதை உரலில் போட்டு இடித்து இடித்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு மரக்கிளைக்காக!

சம்பலுக்கும் மரக்கிளைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு இல்லாத பொறுமை உங்களுக்காவது இருக்கட்டும்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் மனைவி ரெஜினாவைத் தெரியும். இன்றுதான் முதல்முறை வருகிறீர்கள் என்றால் சொல்லிவிடுகிறேன். கண்டியில் நீண்டகாலம் சித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கோபக்காரி. நானும் கோபக்காரன் என்பதால் இத்தனை வருடமும் ஒருவருக்கொருவர் சமமாகச் சண்டை போட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பெப்ரவரியில் அவளுக்கு ஒரு சின்ன ஸ்ட்ரோக் வந்தது. ‘சின்ன’ என்பது டொக்டர் சொன்ன சொல். அவர் வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் அதன் சைஸ் தெரிந்திருக்கும்.

கால் சரியாகிவிட்டது. வலது கை முக்கால்வாசி சரி, பிடித்தால் கொஞ்சம் நடுங்கும். போனது சொற்கள்தான். எல்லாம் போய்விடவில்லை. இடம் மாறிவிட்டன. செருப்பை எடுத்துத் தரச் சொல்ல நினைப்பாள், வாயில் ‘தொப்பி’ என்று வரும். சோற்றைக் காட்டி ‘சவுக்காரம்’ என்பாள். ஒருநாள் என்னைப் பார்த்து ‘அலுமாரி’ என்றாள். அதில் ஓரளவு உண்மை இருப்பதால் நான் மறுக்கவில்லை.

தப்பான சொல் வந்துவிட்டால் உடனே அவளுக்குத் தெரிந்துவிடும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். நெற்றியில் விரலால் தட்டிக்கொண்டே, “அது இல்ல... அது இல்ல...” என்பாள். இந்தத் தட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு சம்பல்.

எங்கள் மகள் டிலானி கொழும்பில் இருக்கிறாள். வெள்ளவத்தையில் ஏழாம் மாடி ஃப்ளாட். ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஃப்ளாட்காரரின் சட்டையும் சாரமும் காயும். போன மாதம் வந்தபோது தாயை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“ப்பா, அடுத்த கிளினிக்ல முன்னேற்றம் இல்லைனு சொன்னாங்கன்னா நான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவேன். ஒங்களால தனியா சமாளிக்க முடியாது. இந்த வீட்டப் பூட்டிருவோம்.”

அன்பில்தான் சொன்னாள்.  பதில் சொல்லப் போனால் என்ன சொல் வரும் என்று ரெஜினாவுக்கே நிச்சயமில்லை. திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பக்கத்து வீட்டு அவகாடோ மரம் நிற்கிறது. அதன் பெரிய கிளை ஒன்று எங்கள் கூரைக்கு மேலே நீண்டிருக்கும். எங்கள் ஊர் அம்பிட்டியவில் உள்ள அத்தனை குரங்குகளும் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு அந்தக் கிளைதான் பாலம். அதை வெட்டச் சொல்லி நான் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பது வேறு கதை.

ஆக, அடுத்த கிளினிக் என்பது எங்கள் வீட்டில் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. ரெஜினா பாஸானால் அம்பிட்டிய. ஃபெயிலானால் ஏழாம் மாடி.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுப்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி. சின்ன வயது, தங்கமான குணம். அவள்தான் இந்த வம்பை ஆரம்பித்து வைத்தாள்.

“அங்கிள், அன்ரி நல்லாக் கீறுறவா எல்லோ? திருப்பியும் கீறச் சொல்லுங்கோ.”

எனக்கு முதலில் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் கீறுவது பூனை. பிறகுதான் படம் வரைவதைச் சொல்கிறாள் என்று விளங்கியது.

“கீறேக்க மனம் ஆறும். மனம் ஆறினாச் சொல்லும் வரும். நீங்கள் பக்கத்தில இருந்து உதவி செய்யுங்கோ.”

மனம் ஆறுமாம்! யாருடைய மனம் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை.

ரெஜினாவின் பழைய வர்ணங்கள் காய்ந்து கட்டியாகிக் கிடந்தன. டவுனில் எனக்குத் தெரிந்த ஸ்டேஷனரிக் கடை நானாவிடம் போனேன். என்ன வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே?

“டீச்சருக்கு வாட்டர் கலர் வேணும் நானா. மரக்கிளை வரையப் போறாங்க.”

“கிளைக்கா? மண்ணிறம் தானே சேர். அது ஈக்கி.” நானாவின் ‘ஈக்கி’ என்றால் ‘இருக்கு’. ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். “இந்த பொக்ஸ எடுங்க. எல்லாக் கலரும் ஈக்கி. மண்ணிறம் பெரிய டியூப்.”

பெரிய டியூப் என்றதும் எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. மரம் பெரியது, டியூபும் பெரியதாக இருக்க வேண்டும். நியாயம்தானே?

ரெஜினாவால் பிரஷ்ஷைப் பிடிக்க முடியும். டியூப் மூடியைத் திருக முடியாது, நசுக்க முடியாது, கலக்க முடியாது. ஆகவே அது என் வேலை. மேசன் பாஸ் மேலே நின்று சுவர் வைப்பார், கீழே ஒருவன் சாந்து குழைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பான், பார்த்திருப்பீர்கள். அந்த ஆள் நான்.

முதல்நாள் மேசையை ஜன்னலோரம் போட்டோம். ஜாம் போத்தலில் தண்ணீர். கடதாசியை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். ரெஜினா அவகாடோ மரத்தைப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டாள். கை நடுங்கியது. ஆனாலும் மரம் மரமாகத்தான் வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

நான் பெரிய டியூபிலிருந்து மண்ணிறத்தைப் பிதுக்கித் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். ஒரு கிளை போட்டாள். பிரஷ்ஷை வைத்துவிட்டாள்.

“இல்ல.”

“என்ன இல்ல?”

“இல்ல.”

எட்டிப் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால், பேக்கரியில் பொரித்து அடுக்கிய ரோல்ஸ் மாதிரி இருந்தது. கிளையில் இலை முளைக்குமா, உள்ளே முட்டை இருக்குமா என்று சொல்ல முடியாது.

சரி, கறுப்பைச் சேர்த்தேன். சாக்கடைக் கான் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளையைச் சேர்த்தேன். தேயிலையில் பால் திரிந்த மாதிரி வந்தது. மஞ்சளைச் சேர்த்தபோது என்ன வந்தது என்று எழுத எடிட்டர் அனுமதிக்க மாட்டார். ஒவ்வொன்றையும் நீட்ட, ஒவ்வொன்றுக்கும் அதே ‘இல்ல’. அந்த ஒரு சொல்லில் மட்டும் ஸ்ட்ரோக் கை வைக்கவே இல்லை, பாருங்கள்!

போனில் வீடியோ பார்த்தேன். ‘இயற்கையான மரக்கிளை வரைவது சுலபம்’ என்று ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவருக்குச் சுலபம்தான். பனி கொட்டி மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற ஊர். இங்கே வருடம் பூராவும் மழை, மழை விட்டால் பனிமூட்டம், அது விட்டால் குரங்கு. அந்த மனிதர் நம் அவகாடோ மரத்தைக் கண்டால் அப்போது தெரியும் அவருடைய சுலபம்.

கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. “பிறகு என்ன கலர்தான் வேணும்? வாயத் தொறந்து சொல்லேன்!” என்று கத்திவிட்டேன்.

அவள் மரத்தைப் பார்த்தாள். கடதாசியைப் பார்த்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது.

“மாசி.”

“என்னது?”

“மாசி.”

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவம், பசி! மனுஷிக்குப் பசிக்கிறது, நான் வர்ணத்தைக் கலக்கிக்கொண்டு உயிரை எடுக்கிறேன். அதுவும் வாய்விட்டு ஒரு சாப்பாட்டுப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்! ஓடிப்போய் மாசியை இடித்தேன். வெங்காயம், கொச்சிக்காய், தேசிக்காய் எல்லாம் போட்டுச் சம்பல் செய்து சோற்றோடு கொண்டுபோய் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் மேசையில் உட்கார்ந்ததும் மறுபடியும் “மாசி.” நானும் மறுபடியும் சம்பல். அதற்கடுத்த நாள் சம்பல் தட்டைக் கையால் தள்ளிவிட்டு ஜன்னலைக் காட்டி, “மாசி! மாசி!” என்றாள்.

ஜன்னலில் ஏது மாசி? அங்கே மரம்தான் நிற்கிறது.

அப்போதுதான் என் மூளைக்குள் ஒரு பல்ப் எரிந்தது. ஐயோ, இவள் சொல்ல வந்தது மாசி இல்லை, பாசி! ஒரு எழுத்துத்தான் பிசகியிருக்கிறது. கண்டி மழைக்கு எந்த மரத்தில்தான் பாசி இல்லை? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பச்சை டியூபைத் திறந்து, மண்ணிறத்தோடு கலந்து, கொழுகொழுவென்று குழைத்துப் பெருமையாக நீட்டினேன்.

“இந்தா, பாசி!”

அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை... பழைய பார்வை. வகுப்பில் படம் வரையாமல் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்ப்பாளே, அது. ஜாம் போத்தலைத் தட்டிவிட்டாள். தண்ணீர் மேசையெல்லாம் ஓடி என் சாரத்தில் ஊற்றியது. எழுந்து போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் ஈரச் சாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கோபமான கோபம். யாரிடம் காட்டுவது?

அன்று மாலை டிலானி போன் எடுத்தாள். “அம்மா எப்புடி இருக்காங்க?”

“வாயத் தொறந்தா மாசி, மாசிங்கிறா. மரத்தக் காட்டி மாசிங்கிறா. எனக்கு ஒன்னும் வெளங்கல.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ப்பா... அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது பெப்ரவரி. மாசி மாசம்தானே? அவங்க மனசு அதுலயே நிக்குதோ?”

 இப்படி ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மாசி, மாசி என்று சொல்வது அந்த நாளைத்தானா? சொற்கள் மட்டும்தான் இடம் மாறியிருக்கின்றன, ஆள் உள்ளே பத்திரமாக இருக்கிறாள் என்றல்லவா நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஆளும் எங்கோ ஒரு மாதத்தில் சிக்கிக்கொண்டுவிட்டாளா?

“வியாழக்கிழமை கிளினிக்ல இத கட்டாயம் சொல்லுங்கப்பா. மறைக்காதீங்க. வெள்ளிக்கிழமை நான் வாறேன். ரூம் ரெடி பண்ணிட்டேன்.”

போனை வைத்துவிட்டேன். சொல்வதற்கு வெட்கமில்லை, குசினிக்குள் போய் அழுதேன். பக்கத்தில் உரல். உரலுக்குள் பாதி இடித்த மாசி. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை காலை. நான் வர்ணப் பெட்டியை எடுத்துக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். போதும் இந்தக் கூத்து, மனம் ஆறியது போதும் என்று. ரெஜினா கட்டிலை விட்டு எழுந்தாள். என்னைத் தாண்டிக் குசினிக்குப் போனாள். டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது.

“என்ன தேடுற? சொல்லு, நான் எடுத்துத் தாறேன்!”

 திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு துண்டு மாசி இருந்தது. நேராக மேசைக்கு வந்தாள். ஒட்டியிருந்த கடதாசியில், அவள் போட்ட பென்சில் கிளைக்குப் பக்கத்தில், அதை ‘டொக்’கென்று வைத்தாள். பிறகு என் தாடையைப் பிடித்து, ஆமாம், சின்னப் பிள்ளையின் தாடையைப் பிடிப்பது போலப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

மரத்தைப் பார்த்தேன். மாசியைப் பார்த்தேன். மறுபடியும் மரத்தைப் பார்த்தேன்.

மாதாவே!

மாசித் துண்டின் மேல்பக்கம் சாம்பல் பூசிய மாதிரி வெளிறிக் கிடந்தது. உடைந்த பக்கம் செம்மை கலந்த கருமை. பள்ளமான இடங்களில் லேசாக நீலம் ஓடியது. வெளியே அவகாடோ மரத்தின் கிளையும் அச்சு அசல் அதேதான். வெயில் பட்ட முதுகு சாம்பல், பட்டை வெடித்த இடம் செங்கருமை, அடிப்பக்கம் நிழலில் நீலம். இத்தனை வருடம் அந்தக் கிளையைக் குரங்குப் பாலமாக மட்டுமே பார்த்துவந்த எனக்கு, அது என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்குப் பசியும் இல்லை, பாசியும் இல்லை, பெப்ரவரியும் இல்லை. நான் கேட்டேன், என்ன கலர் வேண்டும் என்று. அவள் பதில் சொன்னாள். அவ்வளவுதான்! இதற்குள் நெற்றியில் தட்டல் வந்ததா? வரவே இல்லை. ஒரு தடவைகூட ‘அது இல்ல’ என்று அவள் சொல்லவில்லை. சரியான சொல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது சாந்து குழைக்கும் ஆளுக்கு.

“என்னங்க.” பிரஷ்ஷின் பின்பக்கத்தால் ஒரு டியூபைத் தட்டினாள்.

பர்ன்ட் சியன்னா என்று போட்டிருந்தது. நான் முதல் நாளே திறந்து பார்த்து, செங்கல் தூள் மாதிரி இருக்கிறது, கூரை ஓட்டுக்குத்தான் சரி என்று ஒதுக்கிய டியூப். அடுத்து அல்ட்ராமரீன் நீலத்தைத் தட்டினாள்.

“நீலமா? கிளைக்கு நீலமா? அது வானத்துக்கு...”

பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிதுக்கி, தண்ணீர் விட்டு, ஒன்றுக்குள் ஒன்றை இழுத்தேன். செங்கலும் நீலமும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலவை மாசியாகிவிட்டது. நீலம் கொஞ்சம் கூடினால் நிழல். சியன்னா கூடினால் வெயில். கறுப்பு வேண்டாம், வெள்ளை வேண்டாம், நானாவின் பெரிய டியூபும் வேண்டாம். உற்சாகம் தாங்காமல் நான் போட்டுச் சுழற்றிக் கலக்கத் தொடங்கினேன்.

“முழுசா... கலக்காதீங்க.”

என் கை நின்றுவிட்டது. பெப்ரவரிக்குப் பிறகு இடம் மாறாமல் வந்த முதல் முழு வசனம், அதுவும் என்னைத் திட்டுவதற்கு!

அரையும் குறையுமாகக் கலந்ததைப் பிரஷ்ஷில் எடுத்தாள். அடிமரத்திலிருந்து நுனியை நோக்கி இழுத்தாள். போகப் போக அழுத்தத்தைக் குறைத்துக் கடைசியில் பிரஷ்ஷைத் தூக்கிவிட்டாள். ஒரே கோட்டில் ஒரு இடம் செம்மை, ஒரு இடம் நீலம். ஈரம் காய்வதற்குள் அடிப்பக்கம் ஒரு சொட்டு நீலத்தை விட்டாள், அது தானாகவே பரவிக் கிளையை உருண்டையாக்கியது. மேல் விளிம்பில் கடதாசியின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டாள். சுள்ளிகளுக்கு மெல்லிய பிரஷ். கை நடுங்கிய இடத்திலெல்லாம் சுள்ளி ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. வெளியே எட்டிப் பார்த்தேன். மரத்திலும் ஒரு சுள்ளிகூட நேராகப் போகவில்லை.

கடைசியாக, கிளை பிரியும் கவட்டில் துளிப் பச்சையை ஒற்றினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கண்ணில் ஒரு குறும்பு.

“இது பாசி.” பிரஷ்ஷால் கிளையைத் தொட்டாள். “அது மாசி.”

இந்த நாட்டில் தமிழில் படித்த அத்தனை பேருக்கும் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள் — இலை பச்சை, வானம் நீலம், மரம் மண்ணிறம். அதோடு மரத்தைப் பார்க்கிற வேலை முடிந்தது. மரம் இருக்கட்டும், மண்ணாவது மண்ணிறத்தில் இருக்கிறதா? எங்கள் அம்பிட்டிய மண் சிவப்பு. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைக்கு அடியில் பார்த்தால் கறுப்பு. மகாவலிக் கரையில் வேறு. பெயரை மனப்பாடம் செய்துவிட்டால் பிறகு பொருளைப் பார்க்கத் தேவையே இல்லை என்று ஆகிவிட்டது நம் பிழைப்பு. சொல்லைத் தொலைத்தவள் மட்டும்தான் எங்கள் வீட்டில் மரத்தைப் பார்த்திருக்கிறாள். சொல் கைவசம் உள்ள நான் சம்பல் இடித்தேன்.

இதோடு சுபம் என்றா நினைக்கிறீர்கள்? வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறதே!

எனக்கு இப்போது புதுப் பயம். போன தடவை அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை நிற அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டது ஞாபகம் வந்தது. மண்ணிற அட்டையை நீட்டும்போது இவள் ‘மாசி’ என்று சொல்லித் தொலைத்தால்? அங்கே போய் அவகாடோ மரத்தையும் சம்பலையும் நான் எப்படி விளங்கப்படுத்துவது? ஏழாம் மாடிதான்!

த்ரீவீலில் ஏறியதிலிருந்து பாடம் எடுத்தேன்.

“இந்தா பாரு, மண்ணிற அட்டையக் காட்டினா மண்ணிறம்னு சொல்லு. மண்-ணி-றம். மாசின்னு மட்டும் சொல்லிராத தாயே. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் வாவிக்கரை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

“வெளங்குதா? மண்ணிறம்!”

த்ரீவீல்காரர் கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நோயாளி யார் என்று அவருக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

கிளினிக்கில் அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு, “வாங்கோ அன்ரி, இருங்கோ,” என்று கதிரையை இழுத்துப் போட்டாள். அட்டைகளை எடுத்தாள். குடை, கோப்பை, சீப்பு. ரெஜினா கோப்பையில் ஒரு தடவை தடுமாறினாள். கண்ணை மூடினாள், நெற்றியில் தட்டினாள், “அது இல்ல,” என்றாள், பிறகு சரியாகச் சொன்னாள்.  சிவப்பு வந்தது. பச்சை வந்தது.

பிறகு அந்த அட்டை. நானாவின் பெரிய டியூபில் தோய்த்து எடுத்த மாதிரி, மொழுமொழுவென்று ஒரே சீராக மண்ணிறம்.

“இதென்ன நிறம், சொல்லுங்கோ அன்ரி?”

ரெஜினா அட்டையைப் பார்த்தாள். நேரம் போனது. உதடு அசைந்தது. நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த செபத்தையெல்லாம் சொன்னேன்.

“மண்ணிறம்.”

அப்பாடா! எழுந்து குதிக்காத குறைதான். இனி எந்த அட்டை வந்தாலும் எனக்கென்ன?

அந்தப் பிள்ளை சந்தோஷமாக அடுத்த அட்டையை நீட்டினாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருமே, அப்படி ஒரு படம். உருண்டைப் பச்சை இலை, கீழே ரோல்ஸ் மாதிரி தண்டு, அதில் இரண்டு கிளை.

“இது?”

“மரம்,” என்றாள் ரெஜினா.

“வெரி குட் அன்ரி!”

பிள்ளை அட்டையைத் திருப்பி எடுக்கப் போனாள். ரெஜினா விடவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் கடுகடுவென்று மாறியது. நெற்றியில் தட்டுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. கையை நீட்டி அந்தப் பிள்ளையின் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கினாள். நடுங்கும் கையால், அட்டையில் அந்தக் கிளைக்கு மேலே, குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டுப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டாள்.

“பிழை,” என்றாள். “கிளை... இப்படி இருக்காது. போய்... மரத்தப் பாத்துட்டு வாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கார் அட்டையோ, இந்தப் பிள்ளை சொந்தமாக வாங்கியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்! மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு.

“அங்கிள், அன்ரிக்குச் சொல்லு வரத்தான் கொஞ்சம் பிந்துது. யோசினை வடிவாத்தான் இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம்.”

ரெஜினா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். எத்தனை வருடம் சித்திரக் கொப்பிகளைத் திருத்திய கை! நான் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்று, டிலானிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மூச்சு வாங்குவது கேட்டது.

“என்னப்பா சொன்னாங்க? அம்மா பாஸா?”

“அம்மா பாஸ்,” என்றேன். “அட்டைதான் ஃபெயில்.”